ஒன்றரை நூல் இடைவெளி



பழைய கார்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடத்துக்குப் போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் காரின் முகத்தைப் பார்ப்பார்கள், ஸ்டியரிங்கை எட்டிப் பார்ப்பார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். டிங்கர் வேலை தெரிந்தவர் மட்டும் காரின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, பானெட் முடிந்து உடம்பு தொடங்கும் அந்தக் கோட்டைப் பார்ப்பார். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா? இந்தப் பக்கம் இருப்பதுபோல அந்தப் பக்கமும் இருக்கிறதா? விரலை வைத்து நகர்த்தினால் இடறுகிறதா? அந்தக் காரில் கை வைத்தவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்பது அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

இன்றைக்கு அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் கார் ஜாகுவார் இ-டைப். ஸ்போர்ட்ஸ் கார்களிலேயே பானெட் பொருத்துவதற்கு இவ்வளவு பாடுபடுத்தும் கார் அபூர்வம். காரின் நீளத்தில் ஏறக்குறைய பாதி பானெட்தான். இரண்டு மட்கார்டும், ஹெட்லைட்டும், மூக்கும் அதோடு சேர்ந்தே இருக்கின்றன. திறந்தால் முகம் முழுவதும் முன்பக்கமாகக் கவிழும்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில், பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் செய்த கார் இது. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் வெளியிட்டார்கள். ஓட்டிப் பார்க்கக் கூட்டம் நெருக்கியதால் இன்னொரு கார் உடனே வேண்டும் என்று கவென்ட்ரிக்குத் தகவல் போனது. கம்பெனியின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ராத்திரியோடு ராத்திரியாக அதை ஓட்டிக்கொண்டு ஜெனீவா போய்ச் சேர்ந்தார். இந்தக் கதை பலருக்கும் தெரியும். நமக்கு வேண்டியவர் வேறொருவர், உடம்பை வடிவமைத்த மால்கம் சேயர். பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஜாகுவாருக்கு வந்தவர். வளைவுகளைக் கணக்குப் போட்டு, புள்ளி புள்ளியாகக் குறித்து உருவாக்குவது அவர் வழக்கம். அதனால் இந்தக் காரில் நேர்க்கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தகடு எங்கே பார்த்தாலும் ஒரே சமயத்தில் இரண்டு திசையில் வளைகிறது. நேரான ஓரமாக இருந்தால் அரை நூல் பிசகு கண்ணுக்குத் தப்பிவிடும். வளைந்த ஓரத்தில் வெளிச்சமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நூல் என்பது நம் ஆசாரிகள், கொத்தனார்கள் கணக்கு. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இந்தக் காரின் பானெட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி ஒன்றரை நூலை ஒட்டி, அதாவது நாலிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை, எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் நல்ல வேலை என்று சொல்லலாம். அதற்கும் குறைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த ஆசை ஏன் வேண்டாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இது ஏன் கஷ்டம் என்று பார்ப்போம். இ-டைப்பின் உடம்பு இரண்டு பாதி. ஆட்கள் உட்காரும் பகுதியிலிருந்து பின்னால் எல்லாம் தகட்டாலேயே பலம் பெறும் ஒரு கூடு. அந்தக் கூட்டின் முன்சுவரில் சதுரக் குழாய்களால் செய்த சட்டங்களை போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இன்ஜினும் முன் சக்கரங்களும் அந்தச் சட்டத்தில்தான் தொங்குகின்றன. லெமான் பந்தயத்தை 1955, 56, 57 என்று மூன்று வருஷம் தொடர்ந்து வென்ற டி-டைப் காரிலிருந்து வந்த ஏற்பாடு இது. குழாய், ரெனால்ட்ஸ் கம்பெனியின் 541 ரகம். சைக்கிள் பிரியர்களுக்கு அந்தக் கம்பெனியை 531 குழாய் மூலமாகத் தெரிந்திருக்கும், அதே ரெனால்ட்ஸ்தான்.

பானெட்டின் கீல்கள் அந்தச் சட்டத்தின் மூக்கு நுனியில் இருக்கின்றன. அதன் பின் ஓரமோ கூட்டின்மேல் வந்து உட்கார வேண்டும். பிடிப்பு ஒன்றில், பொருந்த வேண்டியது மற்றொன்றில். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு போல்ட்டும், ஒவ்வொரு குழாயும், எப்போதோ பட்ட ஒவ்வொரு இடியும் கடைசியில் அந்தக் கோட்டில் வந்து தெரியும்.

முகத்தையே முன்னால் கவிழ்க்கும் கார் நமக்குப் புதிதில்லை. அதே கவென்ட்ரியிலிருந்து அப்படிப்பட்ட ஒன்று சென்னைக்கே வந்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்து 1959ல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, 1961லிருந்து இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்து விற்றது. வண்டலூர்ப் பக்கம் அவர்கள் தொழிற்சாலை இருந்ததைப் பெரியவர்கள் பலர் நினைவு வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்து, மட்கார்டோடு சேர்த்து முன்னால் சாய்த்தால் இன்ஜின் மொத்தமும் வெட்டவெளியில் இருக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றலாம். மெக்கானிக்குக் கிடைத்த அந்த வசதியை டிங்கர்தான் தன் கணக்கில் கட்டுகிறார். சின்ன பானெட் என்றால் இரண்டு மட்கார்டுக்கு நடுவில் பொருத்தினால் போதும். இதில் மட்கார்டும் சேர்ந்தே வருவதால் மேலே, இரண்டு பக்கமும், கீழே என்று எல்லாம் ஒரே நேரத்தில் சரியாக வர வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். பானெட் பொருந்தவில்லை என்றதும் எல்லோரும் முதலில் ஓடுவது பானெட்டிடம். ஸ்பேனரை எடுத்துக் கீலைத் தளர்த்திவிடுவார்கள். என்னைக் கேட்டால், பானெட்டைத் தொடுவதற்கு முன்னால் காரின் பின்பக்கம் போங்கள் என்பேன். பின் மட்கார்ட் அசையாதது. கதவை அதற்குப் பொருத்த வேண்டும். கதவின் பின் ஓரம் சரியானதும் கதவுக்கு அடியில் ஓடும் படித்தகட்டைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு கதவின் முன் ஓரம். அதையும் தாண்டி, கண்ணாடிக்குக் கீழே உள்ள அசையாத உடம்புப் பகுதி. இவ்வளவும் ஒழுங்கானால்தான் பானெட் எதோடு பொருந்த வேண்டும் என்பதே நமக்குத் தெரியும். தரைக்கு டைல்ஸ் போடுகிறவர் முதல் வரிசையில் விட்ட அரை நூல், கடைசிச் சுவரில் ஓரங்குலமாக வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அப்படித்தான். கடைசி வரிசை பானெட் என்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

மேற்கூரை இல்லாத மாடல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கூரை இல்லாததால் கூட்டின் பலத்தில் பெரும்பகுதி கதவுக்கு அடியில் உள்ள பெட்டித் தகட்டில்தான் இருக்கிறது. முதலில் துருப்பிடிப்பதும் அதுதான். அதை அறுத்து மாற்றும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முட்டுக் கொடுக்காவிட்டால், கூடு நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த கூட்டில் புதுத் தகட்டை வெல்டிங் செய்துவிட்டால் அந்தத் தொய்வு அப்படியே நிலைத்துவிடும். பிறகு கதவின் மேல்பக்கம் இடுக்கும், கீழ்ப்பக்கம் வாயைப் பிளக்கும். பானெட்டை எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் இது தீராது.

கூட்டுக்கு அடுத்தது சட்டம். குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். காரின் மூக்கு நீளம், பம்பரோ மெல்லியது. அறுபது வருஷத்தில் எங்காவது ஒரு சுவரில் லேசாக முட்டியிருந்தால்கூடச் சட்டத்தின் நுனி நகர்ந்திருக்கும். கீல் அந்த நுனியில்தானே இருக்கிறது. நாடாவைப் பிடித்து மூலைக்கு மூலை அளந்து பார்த்து, கோணல் இருந்தால் அதற்கு வைத்தியம் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கோணலான சட்டத்துக்குத் தக்கபடி பானெட்டைத் தட்டி வளைப்பது, செருப்பு கடிக்கிறது என்று காலைச் செதுக்குகிற கதை.

இன்னொன்று. கார் ஸ்டாண்டில் நிற்கும்போது கேப், அதாவது அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, இறக்கியதும் மாறிவிட்டதே என்று தலையில் கை வைப்பவர்கள் உண்டு. மாறத்தான் செய்யும். இன்ஜின் சட்டத்தில் உட்கார்ந்ததும் அது கொஞ்சம் இறங்கிக்கொடுக்கும். அதனால் கடைசிப் பொருத்தம் பார்க்கும்போது கார் தன் சக்கரங்களில், சமதரையில், இன்ஜின் எடையோடு நிற்க வேண்டும். டயரில் காற்றும் சரியாக இருக்க வேண்டும்.

இப்போது பானெட். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே தகட்டை அடித்து எடுத்ததுபோல இருக்கும். உண்மையில் நடுத்துண்டு ஒன்று, இடது மட்கார்ட், வலது மட்கார்ட், மூக்குக்கு அடியில் ஒரு துண்டு, உள்ளே பலத்துக்குச் சில குறுக்குத் தகடுகள். ஓரங்களை உள்பக்கமாக மடித்து, மடிப்போடு மடிப்பை வைத்து போல்ட் போட்டிருக்கிறார்கள். மேலே நீளவாக்கில் ஓடும் மெல்லிய குரோம் பட்டை அழகுக்கு மட்டும் வைத்ததில்லை, அந்த மூட்டை மறைக்கவும்தான். பின் ஓரத்தின் அகலத்தைக் கூட்டவோ குறைக்கவோ இந்த மூட்டில்தான் இடம் இருக்கிறது. ஆகவே துண்டுகளைச் சேர்க்கும்போது எல்லா போல்ட்டையும் கையால் திருகும் அளவோடு நிறுத்திவிட்டு, அந்தத் தளர்ச்சியோடு காரில் ஏற்றி, உட்கார வைத்து, இடம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பட்டறை மேஜையில் வைத்தே இறுக்கி முடித்துவிட்டுப் பிறகு காருக்குக் கொண்டுபோனால், அகலம் என்கிற விஷயம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

ஏற்றுவதற்கு ஆளுக்கு ஒரு பக்கம் என்று குறைந்தது இரண்டு பேர், மூலையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்தால் உத்தமம். ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிக்கொள்வார்கள். தகடு உரசாமல் இருக்க மட்டும் என்று நினைக்க வேண்டாம். பின்னால் பிரைமரும் பெயிண்டும் ஏறும்போது ஓரத்தின் கனம் கூடும், அந்தக் கனத்துக்கு இப்போதே இடம் விடும் தந்திரமும் அதில் இருக்கிறது. வெறும் தகட்டில் கச்சிதமாக இருந்த கேப், பெயிண்ட் ஆனதும் இடுக்கிக்கொள்வது பலருக்கும் நேர்ந்திருக்கிறது. ரப்பர் பீடிங்கையும் இப்போதே ஒட்டிவிட வேண்டும். புது ரப்பர் விறைப்பாக இருக்கும், பானெட்டை மேலே தள்ளும். பெயிண்ட் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி நாளில் ரப்பரை ஒட்டினால், அதுவரை பார்த்த மட்டம் எல்லாம் வீண்.

கீலில் சரிசெய்வது தகடு வைத்துத்தான். கீலுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் சேர்ப்பார்கள், எடுப்பார்கள். கேட்கச் சுலபம். ஆனால் கீல்கள் இரண்டும் மூக்குக்கு அருகே கிட்டக்கிட்ட இருக்கின்றன, நாம் பார்க்கும் பின் ஓரமோ ஓர் ஆள் உயரத் தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பக்கம் மட்டும் ஒரு தகடு கூடினால், இங்கே பின் மூலை அதைப்போல் சில மடங்கு பக்கவாட்டில் ஓடும். ஒரு பக்கக் கேப் அகலமாகவும் மறுபக்கம் இடுக்காகவும் இருந்தால், பின்னால் நின்று தள்ளுவதில் பயனில்லை. முன்னால் போய் ஒரு கீலில் ஒரே ஒரு தகட்டை மாற்றிப் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பானெட் மூடும்போது அதன் பின் ஓரம் நேராகக் கீழே இறங்குவதாகத்தான் நமக்குத் தோன்றும். கீல் மூக்கில், தாழ்வாக இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே வந்து உட்காரும் ஓரம் அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே அந்த ஓரம் வட்டத்தில் வருகிறது. இறங்க இறங்க, கொஞ்சம் பின்னாலும் நகர்கிறது. இதன் விளைவு என்ன? பின்பக்கத்தை ஒரு நூல் இறக்கினால் மட்டம் மட்டுமா மாறும், மேல் கேப்பும் சற்றுக் குறையும். உயர்த்தினால் கேப் விரியும். உயரத்தைச் சரிசெய்தால் கேப் கெடுகிறது, கேப்பைச் சரிசெய்தால் உயரம் கெடுகிறது என்று புலம்புகிறவர்களுக்கு இந்த வட்டக் கணக்கைச் சொன்னால் பாதிப் புலம்பல் அடங்கும். முதலில் உயரம், அது நிலைத்த பிறகு கேப் என்று போக வேண்டும்.

உயரத்தைத் தாங்குவது பின்னால் உள்ள ரப்பர்க் கட்டைகள். கட்டையின்மேல் சின்னக் களிமண் உருண்டையை வைத்து மூடித் திறந்தால், எது தொடுகிறது, எது தொடாமல் சும்மா நிற்கிறது என்று நசுங்கிய கனமே சொல்லிவிடும். இடம் காட்டும் முளைகள் துளையில் நடுவாக இறங்குகின்றனவா என்று பார்க்கக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும்.

பூட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொடக்கத்தில் வந்த சுமார் 500 கார்களில் வெளியிலிருந்து தனிச் சாவி போட்டுத் திறக்க வேண்டும், பிறகு உள்ளேயே லீவர் வந்துவிட்டது. எந்த வகையானாலும் பூட்டின் வேலை, சரியான இடத்தில் உட்கார்ந்த பானெட்டைப் பிடித்துக்கொள்வது. தூக்கிக்கொண்டு நிற்கும் மூலையைப் பூட்டைக் கொண்டு இழுத்து அமுக்கினால் அப்போதைக்கு மட்டமாகத் தெரியும். ஓட ஓட அந்த மூலையில் பெயிண்ட் கீறல் விடும்.

மட்டம் பார்க்கக் கண்ணைவிடக் கை நல்லது. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, பானெட்டிலிருந்து உடம்புக்கு மெதுவாக இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத படிகூட விரல் அடியில் இடறும். பிரைமர் அடித்த தகட்டில் பளபளப்பு இருக்காது, மேடு பள்ளம் ஒளிந்துகொள்ளும். தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கி, டியூப்லைட்டின் பிம்பம் அதன்மேல் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். விளக்கின் கோடு பானெட்டில் ஓடி, கேப்பைத் தாண்டி, முறியாமல் உடம்பில் தொடர வேண்டும். முறிந்தால், அங்கே வேலை பாக்கி இருக்கிறது.

தொழிற்சாலையில் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள்? கையால்தான். மூட்டுகளில் ஈயத்தைச் சூட்டில் இளக்கி, மரத்தட்டையால் தடவி, ஆறியதும் அரத்தால் ராவி வடிவம் கொண்டுவந்தார்கள். ஒரு காருக்கு ராவிய பானெட் அந்தக் காருக்கே உரியது. இன்னொரு காரில் தூக்கி வைத்தால் அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. அதனால்தான் காரோடு பிறந்த பானெட் அடிபட்டு நசுங்கியிருந்தாலும், முடிந்தவரை அதையே சரிசெய்யுங்கள் என்பது என் கட்சி. புதிதாகச் செய்து விற்கும் பானெட்டும் முதல் நாளிலேயே பொருந்தப்போவதில்லை. அதற்கும் இதே பாடுதான்.

கையால் செய்த உடம்பு அச்சாக ஒன்றுபோல் வராது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1963ல் அலுமினிய உடம்போடு, பந்தயத்துக்கென்று எடை குறைந்த இ-டைப் 18 செய்வதாகத் திட்டம். 12தான் செய்தார்கள். விட்டுப்போன ஆறு காரையும் செய்கிறோம் என்று 2014ல் ஜாகுவாரே இறங்கியது. அப்போது பழைய உடம்பைக் கணினியில் அளந்து எடுத்தார்கள், ஆனால் பாதி உடம்பை மட்டும். மறுபாதியை அதன் கண்ணாடிப் பிம்பமாகச் செய்துகொண்டார்கள். அப்படிச் செய்தால்தான் இரண்டு பக்கமும் துல்லியமாக ஒன்றுபோல் வரும். பழைய காரில் இடதும் வலதும் அச்சாக ஒன்றாக இருக்கும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே கேப்பை ஒரு நூலுக்குள் கொண்டுவந்துவிடுகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் காலத்துக் காரின் அளவை இதில் தேடாதீர்கள். மேடு பள்ளத்தில் ஓடும்போது சட்டமும் கூடும் தனித்தனியாகக் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். சட்டத்தோடு பானெட்டும் அசையும். நடுவில் இடம் இல்லாவிட்டால் ஓரத்தோடு ஓரம் உரசி, பார்த்துப் பார்த்து அடித்த பெயிண்ட் மூலையில் செதிலாக உதிரும். காட்சிக்கு மட்டும் நிற்கும் காருக்கு அது பெருமையாக இருக்கலாம். ஓட்டுகிறவருக்கு ஒன்றரை நூலே பத்திரம்.

பெயிண்ட் முடிந்து கார் ரோட்டுக்கு வந்த பிறகும் ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கும். ரப்பர் பழகிக் கொஞ்சம் அமுங்கும், போல்ட் இடம் பிடித்து உட்காரும். முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு பானெட்டைத் திறந்து, ஓரங்களில் உரசல் தடம் இருக்கிறதா என்று பார்த்து, கட்டைகளைத் தேவைப்பட்டால் ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் நிலைத்ததும் கீலைச் சுற்றி ஊசியால் மெல்லிய கோடு கீறி வையுங்கள். இன்ஜின் வேலை என்று வந்தால் பானெட்டை என்றாவது கழற்றத்தான் வேண்டியிருக்கும். கழற்றும் அன்று தகட்டுத் துண்டுகளை இடது, வலது என்று எழுதிய இரண்டு பையில் தனித்தனியாகப் போட்டு, காருக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பட்டறை அலமாரியில் வைத்தால் யாராவது எடுத்து வேறு எதற்காவது வாஷராகப் போட்டுவிடுவார்கள்.